மரகதப்புறா: தண்ணீர்மலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்ப்பள்ளியில் 31 ஆண்டு பாடம் நடத்தி ஓய்வு பெற்ற பிறகு, வாரத்துக்கு மூன்று நாள், தண்ணீர்மலைப் பக்கம் இருக்கும் பினாங்கு தாவரவியல் பூங்காவில் காலை நடை போகிறேன். கழுத்தில் பைனாகுலர் தொங்குகிறது என்பதற்காகவே பலர் நிறுத்திப் பேசுகிறார்கள். பாதிப் பேர் குரங்கைப் பற்றிக் கேட்கிறார்கள். மீதிப் பேர், பாதையோரத்திலிருந்து திடீரென்று எழுந்து பறந்த பச்சைப் பறவையைப் பற்றிக் கேட்கிறார்கள். குரங்குக்குப் பதில் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள், பறவைக்கு நான். கேள்விகள் எல்லாம் அவரவர் கேட்டவை. பேச்சை மட்டும் எழுத்துக்கு மாற்றியிருக்கிறேன், பழைய தொழில் புத்தி.

டீச்சர், காலடியிலிருந்து பச்சையாக ஒன்று விருட்டென்று போனது. கிளிதானே?

கிளி இல்லை. கிளி என்றால் ஊருக்கே கேட்கும்படி கத்திக்கொண்டு உச்சிக் கிளைக்குப் போயிருக்கும். நீங்கள் பார்த்தது சத்தம் போடாமல், இடுப்பு உயரம்கூட எழும்பாமல், மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போயிருக்கும். போகும்போது முதுகின் கீழ்ப்பகுதியில் வெளிறிய பட்டை இரண்டு தெரிந்ததா? தெரிந்திருந்தால் சந்தேகம் வேண்டாம், அது மரகதப்புறா.

மலாய்க்காரர்கள் இதைப் ‘புனாய் தானா’ என்கிறார்கள். புனாய் என்பது காட்டுப் பச்சைப்புறாக்களின் பொதுப்பெயர். தானா என்றால் மண். மண்ணில் நடக்கும் புறா. நாம் இறகைப் பார்த்துப் பெயர் வைத்தோம், அவர்கள் அது வாழும் இடத்தைப் பார்த்து வைத்தார்கள். எனக்கு அந்தப் பெயர்மேல் கொஞ்சம் பொறாமை உண்டு. 1758இல் லின்னேயஸ் இதைப் பதிவு செய்தார்; இன்றைய அறிவியல் பெயர் கால்கோஃபாப்ஸ் இண்டிகா. முதல் சொல்லுக்கு வெண்கலப் புறா என்று பொருள்.

ஆண் எது, பெண் எது? எப்படி அடையாளம் கண்டுகொள்வது?

நீளத்தில் மைனா அளவுதான், ஏறத்தாழ 25 செண்டிமீட்டர். உடம்பு மட்டும் புறாவுக்கே உரிய குண்டு, வால் குட்டை. இறக்கை மரகதப் பச்சை, கழுத்தும் மார்பும் கத்தரிப்பூ நிறம் கலந்த பழுப்பு, அலகு சிவப்பு. ஆணுக்கு உச்சந்தலை நீலம் கலந்த சாம்பல். நெற்றியிலும் புருவத்திலும் வெள்ளை. காலையில் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வந்ததுபோல் இருக்கும். தோளிலும் ஒரு வெள்ளைத் திட்டு உண்டு. பெண்ணுக்குத் தலை பழுப்பு, தோள் திட்டு மங்கலாகத்தான் தெரியும்.

நான் பார்த்தது மண் நிறம். பச்சையே இல்லை. அப்படியானால் வேறு பறவைதானே?

அதே பறவையாக இருக்கலாம். அந்தப் பச்சை, சாயம் தோய்த்த துணியில்போல இறகில் ஊறிய நிறம் இல்லை. இறகில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய அடுக்குகள் இருக்கின்றன. ஒளி அவற்றில் பட்டுத் திரும்பும்போதுதான் பச்சை பிறக்கிறது. மயில் கழுத்தில் நடப்பதும் இதுதான். ஒளி படாத இடத்தில் பழுப்பும் கறுப்பும்தான் மிஞ்சும்.

ஒரு நாள் மூங்கில் புதர் ஓரம் பத்து நிமிடம் அசையாமல் நின்று ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சருகுமேல் ஒரு சருகு நடப்பதுபோல் இருந்தது. மேலே கிளை அசைந்து, வெயில் சாப்பாட்டுத் தட்டளவுக்குக் கீழே விழுந்தது. பறவை அந்த வட்டத்துக்குள் கால் வைத்ததும் பட்டுப்புடவை முந்தானையைப் புரட்டினாற்போல் இறக்கையில் பச்சை ஓடியது. இரண்டு எட்டு வைத்தது. அதற்குப் பிறகு பழையபடி சருகு.

எங்கள் தாமான் குடியிருப்பில் அத்தி மரம் பழுத்தால் பச்சையாக ஒரு கூட்டமே வந்து இறங்குகிறது. அதுவும் இதுதானா?

இல்லை, அது பச்சைப்புறா. மலாயில் புனாய் காடிங். இரண்டும் புறா, இரண்டிலும் பச்சை இருக்கிறது, அதனால் குழப்பம் வருவது இயல்புதான். பச்சைப்புறா மரத்து ஆள்; கூட்டமாக வரும், கிளையில் தலைகீழாகத் தொங்கிக்கூடப் பழம் பறிக்கும், தரைக்கு அபூர்வமாகத்தான் இறங்கும். ஆணுக்குச் சாம்பல் தலை, இளஞ்சிவப்புக் கழுத்து, ஆரஞ்சு மார்பு. பெண் முழுக்கப் பச்சை. குரலும் புறாவின் கூவல் மாதிரி இராது, விசில் அடிப்பதுபோல் ஏறி இறங்கும். ஜார்ஜ்டவுன் சாலையோர மரங்களில்கூட இது குடித்தனம் நடத்துகிறது.

மரகதப்புறா தனியாகவோ ஜோடியாகவோதான் கண்ணில் படும். சாலையோர மரம் அதற்குப் போதாது. ஏன் என்பதை இருப்பிடம் பற்றிய கேள்வியில் சொல்கிறேன். கோயில் வாசலில் பொட்டுக்கடலைக்கு மொய்க்கும் சாம்பல் நிற மாடப்புறா மூன்றாவது உறவு. அதன் மூதாதையர் பாறை இடுக்குகளில் வாழ்ந்தவர்கள்; அதனால்தான் மாடமும் கோபுரமும் அதற்கு ஒத்துப்போகின்றன.

தமிழ்நாட்டின் மாநிலப் பறவை மரகதப்புறாவாமே? நம் தாத்தாமார்கள் கப்பலில் கொண்டுவந்ததுதானா இது?

மாநிலப் பறவை என்பது சரி. கப்பல் கதை வேண்டாம். இந்த இனம் இந்தியா, இலங்கை தொடங்கி மியன்மார், தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ் வரை இயற்கையாகவே பரவி வாழ்கிறது. நம்மவர்கள் கப்பலிலிருந்து இறங்குவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே சருகு கிளறிக்கொண்டிருந்தது. கடப்பிதழ் கேட்டவர் யாரும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் நடப்பதும் தண்ணீர்மலையில் நடப்பதும் ஒரே இனம்.

ஆஸ்திரேலியாவிலும் அதை ஒட்டிய தீவுகளிலும் இருப்பதை முன்பு இதனுடன் சேர்த்தே எண்ணினார்கள். இப்போது அதைத் தனி இனமாகப் பிரித்துவிட்டார்கள். பழைய புத்தகம் வைத்திருப்பவர்கள் என்னுடன் சண்டைக்கு வர வேண்டாம்.

விடியற்காலையில் காட்டுக்குள் யாரோ முனகுகிறார்கள். பிள்ளைகள் பேய் என்கிறார்கள். என்ன அது?

மரகதப்புறாதான் கூவுகிறது. தாழ்ந்த, மூக்கால் வருவதுபோன்ற ‘ஊம்... ஊம்...’ என்ற ஒலி. மெதுவாகத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், ஆறேழு முறை ஒரே இடைவெளியில் வரும், பிறகு நின்றுவிடும். தாழ்ந்த ஒலி என்பதால் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது தடுமாறும். வலப்பக்கம் என்று நினைத்து நடப்பீர்கள், முதுகுக்குப் பின்னால் கேட்கும். பேய்க் கதைக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

என் பாட்டி புக்கிட் மெர்த்தாஜாம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இருட்டோடு தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் போனால், விடியும் நேரத்தில் பக்கத்துக் காட்டிலிருந்து இந்த முனகல் வருமாம். புதிதாக வேலைக்கு வந்த பெண்கள் வாளியைப் போட்டுவிட்டு ஓடிவிடுவார்களாம். ‘அது ஓடாது, நீ ஏன் ஓடுகிறாய்?’ என்று பாட்டி கேட்பாராம். பறவையின் பெயர் பாட்டிக்குத் தெரியாது. ‘முக்குகிற புறா’ என்றுதான் சொல்வார்.

இதைப் பார்க்கக் கொடிமலை ஏற வேண்டுமா? எங்கே இருக்கும்?

பினாங்கு ஹில் எனப்படும் கொடிமலை வரை ஏற வேண்டாம். தாழ்நிலக் காட்டிலும் மலைச்சரிவிலும்தான் இது அதிகம். பாலதண்டாயுதபாணி கோயிலின் 513 படிகளில் மூச்சு வாங்கி நிற்கும்போது சுற்றிலும் தெரிகிறதே, அந்த மாதிரிக் காடு போதும். 1884இல் சார்லஸ் கர்டிஸ் தொடங்கிய தாவரவியல் பூங்காவும் காட்டை ஒட்டியே இருக்கிறது. ஒரு காலத்தில் கருங்கல் உடைத்த இடம் என்று இன்று பார்த்தால் நம்ப முடியாது. தெலுக் பஹாங்கில் இருக்கும் தேசியப் பூங்கா, மூங்கில் புதர்கள், மறுபடி வளர்ந்த காடு, பாலேக் பூலாவ் பக்கத்துப் பழைய பழத்தோட்டங்கள் என்று எல்லா இடங்களிலும் வாழ இதற்குத் தெரியும். 2021இல் யுனெஸ்கோ கொடிமலையையும் சுற்றுப்புறத்தையும் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. அந்த எல்லைக்குள் நல்ல மரகதப்புறாக் காடு நிறையவே இருக்கிறது.

ஆனால் மரம் இருந்தால் மட்டும் போதாது. பூங்காவிலேயே பாருங்கள். புல்வெளி நடுவே நிற்கும் பெரிய மரத்தடியில் இதை நான் பார்த்ததில்லை. இருபது அடி தள்ளி, துடைப்பம் போகாத ஓரத்தில் பார்த்திருக்கிறேன். தலைக்குமேல் நிழல் வேண்டும், கீழே சருகு வேண்டும், சருகுமேல் கால் சிக்காமல் நடக்க இடம் வேண்டும். அடர்ந்த புல்லிலும் நடக்க முடியாது, கூட்டிப் பெருக்கிய தரையிலும் தின்ன எதுவும் கிடைக்காது.

ஒரு பிடி சருகைப் புரட்டிப் பாருங்கள். மேலே காய்ந்தது, அடுத்து ஈரமாக ஒட்டிக்கிடப்பது, அதற்கும் கீழே நரம்பு மட்டும் மிஞ்சிய வலை. அந்த மூன்று அடுக்குக்குள் விழுந்த விதை, அழுகிய பழத்தோல், கறையான், வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை நூல். நமக்குக் குப்பை, அதற்கு அடுப்படி. துரியான் தோட்டத்தில் களைக்கொல்லி தெளித்துத் தரையை மொட்டை அடித்துவிட்டு, ‘முன்பெல்லாம் இங்கே புனாய் வரும்’ என்று பெருமூச்சு விடுகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

பழம் தின்னுமா, தானியமா? சில நாள் தார்ச் சாலையில் எதையோ பொறுக்குகிறதே?

மரத்திலிருந்து விழுந்த பழங்களும் விதைகளும்தான் முக்கிய உணவு. அத்தி வகைகள் பழுத்தால், மேலே பச்சைப்புறாவும் மற்றப் பறவைகளும் தின்று சிந்தியதைக் கீழே இது பொறுக்கும். கறையான் போன்ற பூச்சிகளையும் விடாது.

சாலையில் பொறுக்குவது பொடிக்கல். பறவைக்குப் பல் இல்லை; விதையை அரைக்கத் தசை நிறைந்த ஓர் இரைப்பை இருக்கிறது. விழுங்கிய கல் அதற்குள் அம்மிக் குழவியின் வேலையைச் செய்யும். காலையில் ஜீப் பாதையில் எதிரே ஒன்று நடந்து வந்தால், கல் வாங்கக் கடைக்கு வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கொஞ்சம் நில்லுங்கள்.

பழம் தின்னும் பறவைகள்தான் காட்டை வளர்க்கின்றன என்று பாடத்தில் படித்தோம். இதுவும் விதை பரப்பும்தானே?

முந்தைய பதிலில் சொன்ன அம்மிக்கல்லை நினைத்துப் பாருங்கள். இது விதையை அரைத்துத் தின்கிறது. அரைபட்ட விதை எங்கே முளைப்பது? பச்சைப்புறா வகைகளிலும் பெரும்பாலும் இதே கதைதான். பாடப்புத்தகம் பொய் சொல்லவில்லை, எல்லாப் புறாவையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டது.

விதை பரப்புவதில் பெயர் வாங்கியவை ‘பெர்காம்’ எனப்படும் பெரிய காட்டுப்புறாக்கள். அவற்றின் இரைப்பை மென்மையானது. காட்டு ஜாதிக்காய் அளவுள்ள பழத்தையும் வாயை அகல விரித்து முழுதாக விழுங்கி, சதையை மட்டும் செரித்து, விதையைச் சேதமில்லாமல் வேறு இடத்தில் போட்டுவிடும். பாலேக் பூலாவ் ஜாதிக்காயைக் கையில் வைத்துப் பார்த்தவர்களுக்கு, அதை ஒரு புறா விழுங்குவது என்றால் என்ன என்று புரியும்.

அப்படியானால் மரகதப்புறாவால் காட்டுக்கு என்ன பயன் என்று ஒரு பையன் கேட்டான். உன்னால் என்ன பயன் என்று திருப்பிக் கேட்டேன். இருவரும் சிரித்துவிட்டு நடந்தோம்.

நாலு குச்சியை அடுக்கி வைத்து அதில் முட்டை இட்டிருக்கிறது. இதுவா கூடு?

இதுதான் கூடு, இவ்வளவுதான். தூக்கணாங்குருவியோடு ஒப்பிட்டால் வெட்கக்கேடு. கீழிருந்து பார்த்தால் குச்சிகளுக்கு நடுவே வானம் தெரியும். பெரும்பாலும் 5 மீட்டருக்குள், புதரிலோ சிறு மரத்தின் கவட்டிலோ இருக்கும். மங்கலான வெண்மை நிறத்தில் இரண்டு முட்டைகள். 14 முதல் 16 நாளில் பொரிக்கும், அடுத்த இரண்டு வாரத்துக்குள் குஞ்சு கூட்டைவிட்டு இறங்கிவிடும்.

கூடு மோசமாக இருக்கிறது என்று யாரும் குச்சி சேர்த்துக் கொடுக்கப் போகாதீர்கள். ஒருவர் உண்மையாகவே போனார். நீங்கள் அடிக்கடி போய் எட்டிப் பார்க்கும் இடத்தைக் குரங்கும் காகமும் கவனித்துக்கொண்டிருக்கும்.

குஞ்சுக்குப் பால் கொடுக்கும் என்கிறார்கள். புறாவுக்கு ஏது பால்?

கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் உண்மை. புறா இனம் எல்லாவற்றுக்கும் தொண்டைக்குக் கீழே தீனிப்பை உண்டு. குஞ்சு பொரிக்கும் சமயத்தில் அதன் உள்சுவர் தடித்து, கொழுப்பும் புரதமும் நிறைந்த தயிர்க்கட்டி போன்ற ஒன்று உரிந்து வரும். குஞ்சு தன் அலகைப் பெற்றோர் வாய்க்குள் விட்டு அதை வாங்கிக்கொள்ளும். தாய், தந்தை இரண்டுமே கொடுக்கும். ‘அப்பா பால் கொடுக்கிறாரா?’ என்று வகுப்பே எழுந்து நின்ற நாள் ஒன்று உண்டு; அன்றைக்கு இலக்கணப் பாடம் நடக்கவில்லை.

இன்னொரு வித்தியாசம்: கோழி தண்ணீரை வாயில் எடுத்துத் தலையைத் தூக்கி இறக்கும். புறா அலகைத் தண்ணீரில் வைத்து அப்படியே உறிஞ்சிக் குடிக்கும்.

எங்கள் அடுக்குமாடியில் ஆறாவது மாடி நடைபாதையில் ஒன்று செத்துக் கிடந்தது. தரையில் நடக்கும் பறவை என்றால் அங்கே எப்படி வந்தது?

இந்தக் கேள்வியைக் கேட்காத மாதம் இல்லை. பதில்: கண்ணாடி.

மரகதப்புறா காட்டுக்குள் மரங்களுக்கிடையே தெரியும் இடைவெளியைக் குறிபார்த்து, வேகத்தைக் குறைக்காமல் பறக்கும். கண்ணாடியில் மரத்தின் பிம்பம் தெரிந்தால் அதையும் இடைவெளி என்றே நினைக்கும். பகலில் இப்படி அடிபடுபவை பெரும்பாலும் தரைத்தளக் கண்ணாடிகளில். ஆறாவது மாடிக்குக் காரணம் இரவு. பகலெல்லாம் சருகைவிட்டு விலகாத இந்தப் பறவை, ஒரு காட்டுத் துண்டிலிருந்து இன்னொன்றுக்கு இடம் மாறும்போது இரவில் உயரப் பறக்கும். வழியில் மலைச்சரிவை ஒட்டி விளக்கு எரியும் கட்டடம் நின்றால் தடுமாறிவிடும். பினாங்கில் அப்படிப்பட்ட கட்டடங்களுக்கா பஞ்சம்?

என் பழைய மாணவி ஒருத்தி காலை ஏழு மணிக்கு அழைத்தாள். போய்ப் பார்த்தேன். தரையில் ஓர் ஆண். நெற்றி வெள்ளையில் அழுக்குகூடப் படவில்லை. கண்ணாடியில் அதன் உருவம் இருந்தது. புறாவின் உடம்பில் மாவுபோல் ஒரு தூள் உண்டு. மோதிய வேகத்தில் அது அப்படியே ஒட்டிக்கொள்ளும். விரிந்த இரண்டு இறக்கை, இறகு இறகாக எண்ணும்படி. நடுவே மார்பு. தலை இருந்த இடத்தில் ஒரு வட்டம். பக்கவாட்டில் நின்று பார்த்தால்தான் தெரிந்தது, நேரே நின்றால் கண்ணாடிக்குள் மலை மட்டுமே தெரிந்தது. நான் படம் எடுப்பதற்குள் துப்புரவுப் பணியாளர் ஈரத்துணியோடு வந்துவிட்டார். நிர்வாகத்திடம் பேசினோம். கண்ணாடியில் எதையாவது ஒட்டினால் கட்டடத்தின் மதிப்பு குறையும் என்றார்கள்.

மோதியது சாகவில்லை, மயங்கிக் கிடக்கிறது. தண்ணீர் ஊற்றலாமா?

ஊற்றாதீர்கள். வாயில் தண்ணீர் விட்டால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சோறும் வேண்டாம், மஞ்சள் பற்றும் வேண்டாம். மெல்லிய துணியால் மூடி, இறுக்கிப் பிடிக்காமல் எடுங்கள். பயந்த புறாவின் இறகு கொத்தாகக் கையோடு வந்துவிடும், எதிரியின் பிடியிலிருந்து நழுவ அது வைத்திருக்கும் தந்திரம். காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, இருட்டான அமைதியான இடத்தில் ஓரிரு மணி நேரம் விட்டுவிடுங்கள். நடுநடுவே திறந்து பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாம்.

பெட்டிக்குள் கால் பிராண்டும் சத்தம் கேட்டால் மரங்கள் அருகே கொண்டுபோய்த் திறந்து வையுங்கள், தானே போகும். போக முடியாவிட்டால் வனவிலங்கு இலாகாவான பெர்ஹிலித்தானை அழையுங்கள். சிபிச் சக்கரவர்த்தி ஒரு புறாவுக்காகத் தன் தொடையை அறுத்துக் கொடுத்தாராம். உங்களிடம் கேட்பது ஒரு சப்பாத்துப் பெட்டி.

கண்ணாடியில் பருந்து படம் ஒட்டினால் போதும் என்கிறார்களே?

ஒரே ஒரு பருந்து படத்தால் பயன் இல்லை. பறவை அதைப் பருந்து என்று நினைத்துப் பயப்படுவதில்லை, ஏதோ கறுப்புத் திட்டு என்று ஒதுங்கிப் பக்கத்துக் கண்ணாடியில் மோதும். புள்ளியோ கோடோ எதுவானாலும் கண்ணாடி முழுக்க வேண்டும்; இரண்டுக்கு நடுவே சுமார் 5 செண்டிமீட்டருக்குமேல் இடைவெளி கூடாது. வெளிப்பக்கத்தில் ஒட்ட வேண்டும், ஏனென்றால் பிம்பம் விழுவது அங்கேதான். உள்ளே திரை போட்டால் பிம்பம் இன்னும் பளிச்சென்று தெரியும் நேரமும் உண்டு. அதோடு இரவில் தேவையில்லாத விளக்கை அணையுங்கள். மின்கட்டணமும் குறையும் என்று சொன்னால் நிர்வாகக் குழுக்கள் கொஞ்சம் காது கொடுக்கின்றன.

முன்பெல்லாம் பிடித்து வளர்த்தார்களே. கூண்டில் வைக்கலாமா?

பிடித்தார்கள்தான். ‘டெக்குட்’ என்ற மூங்கில் குழாயை ஊதி, மேலே சொன்ன அதே முனகலை எழுப்புவார்கள். தன் எல்லைக்குள் வேறு ஆண் வந்துவிட்டது என்று நினைத்து இது நடந்தே வரும், கண்ணியில் மாட்டும். கேட்டால் அசந்துபோகும் கலைதான், மறுக்கவில்லை.

இன்று 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 716, நடப்பில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட காட்டுயிர்களை உரிமம் இல்லாமல் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். இது பயந்தால் நேராக மேலே துள்ளும் பறவை, கூண்டின் கூரையில் மோதி மண்டையைக் கிழித்துக்கொள்ளும். புறா வளர்க்க ஆசை என்றால் மாடப்புறா வளர்ப்பவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் கேளுங்கள்.

அக்கா, அரிசி போட்டால் எங்கள் தோட்டத்துக்கு வருமா?

அரிசிக்கு மாடப்புறாவும் எலியும் வரும். உங்கள் வீடு காட்டை ஒட்டி இருந்தால், வேலியோரம் நாலடி அகலத்துக்குக் கூட்டாமல் விடுங்கள். இலை விழட்டும், கிடக்கட்டும். கொசு வரும் என்று மாமியார் சொல்வார். கொசு வளர்வது தேங்கிய தண்ணீரில். டப்பாவையும் தொட்டியையும் கவிழ்த்து வையுங்கள், சருகோடு சண்டை வேண்டாம். வீட்டில் பூனை இருந்தால் இந்த யோசனையை மறந்துவிடுங்கள். தரையில் நடக்கும் பறவையைப் பூனை வாசலுக்கு அழைப்பது பாவம்.

இது அழிந்துவரும் இனமா?

உலக அளவில் இல்லை. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் கவலை குறைந்த இனமாகத்தான் இருக்கிறது, ஆனால் எண்ணிக்கை இறங்குமுகம். பரந்த நிலப்பரப்பில் வாழ்வதால் பட்டியல் நிதானமாகப் பேசுகிறது. உங்கள் தாமானுக்குப் பின்னால் இருந்த காட்டுத் துண்டு கார் நிறுத்துமிடம் ஆனால் அங்கே இருந்த ஜோடி போய்விடும். அது எந்தப் பட்டியலிலும் ஏறாது.

படம் எடுக்க எந்த நேரம் நல்லது?

காலை ஏழரை முதல் ஒன்பது வரை. பாதையில் கல் பொறுக்க வரும்போது எடுங்கள். கைப்பேசியில் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதை மட்டும் செய்யாதீர்கள். அது டெக்குட்டின் வேலைதான், கண்ணி இல்லை, அவ்வளவே.

எந்த இடத்தில் நின்றால் நிச்சயமாகப் பார்க்கலாம்? சரியாகச் சொல்லுங்கள்.

இடம் சொல்ல மாட்டேன். ஒருமுறை சொன்னேன், அடுத்த ஞாயிறு பதினோரு கேமராக்கள் நின்றன.

வழி சொல்கிறேன். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை வாருங்கள். சருகு நனைந்திருக்கும், உங்கள் காலடிச் சத்தம் குறையும். சிமெண்டுப் பாதை முடிந்து மண் தொடங்கும் இடத்தில் நில்லுங்கள். கண்ணை மேலே கொண்டுபோகாதீர்கள், கிளையில் இருப்பது பெரும்பாலும் வேறு ஏதாவதுதான். தரையையே பாருங்கள். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் இராது. பிறகு சருகு ஒன்று புரளும் சத்தம், கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று. அணில் என்றால் சத்தம் தொடர்ச்சியாகவும் அவசரமாகவும் இருக்கும். இது ஒன்றைப் புரட்டிவிட்டு நிற்கும், தலையை ஒருமுறை ஆட்டும், பிறகு அடுத்தது. அந்த இடைவெளி கேட்டால் அசையாதீர்கள், அது உங்கள் பக்கம்தான் வந்துகொண்டிருக்கும்.